மூன்று நிமிட அத்தை

எங்கள் நகரத்தில் மேயரின் வாயை அடைக்கக்கூடிய ஒரே ஆள் என் அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. நகர மன்றக் கூடத்தில் மைக்கைப் போடுவதும் அணைப்பதும் அவள் உத்தியோகம். சுவிட்சைத் தட்டுவதற்கெல்லாம் சம்பளமா என்று ஒருமுறை கேட்டேன். அத்தை என் காதைப் பிடித்துத் திருகினாள். நான் கத்தினேன். "இதுவும் அதே வேலைதான்டி வாலு. திருகினா சத்தம் வருது பாரு. எப்ப விடணும்னு தெரியறதுக்குத்தான் சம்பளம்" என்றாள்.

வாலு என்பது நான். வேறு பெயரும் இருக்கிறது, வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை.

வருடத்துக்கு ஒருமுறை அத்தையின் ராஜ்ஜியம் நடக்கும். நகரத்தின் அடுத்த வருடப் பட்ஜெட்டையும் வீட்டு வரி விகிதத்தையும் முடிவு செய்வதற்கு முன்னால் ஜனங்கள் வந்து கருத்துச் சொல்லலாம். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அதற்குப் பெயர். பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் பிடிக்காமல் ஒன்பதாம் வகுப்போடு பிரிந்துவிட்டோம். ஆகவே எனக்குப் புரிந்த கணக்கைச் சொல்கிறேன். வீட்டு மதிப்பில் நூற்றுக்கு இவ்வளவு என்று ஒரு விகிதம் வைப்பார்கள். எல்லா வீட்டிலும் அதை வசூலித்தால் ஒரு மூட்டைப் பணம் சேரும். சாலை, தெருவிளக்கு, சாக்கடை, குப்பை வண்டி எல்லாம் அந்த மூட்டைக்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் எதையாவது தூக்கி வெளியே போட வேண்டும். மூட்டையைப் பெரிதாக்கலாம் என்றால் வீட்டுக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். இவ்வளவுதான். நிதி அதிகாரி இதையே திரையில் படம் போட்டு வெகு நேரம் விளக்குவார். பாவம், அவர் பிழைப்பு அது.

கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் பேசலாம், ஆனால் ஆளுக்கு மூன்று நிமிடம். ஓரத்தில் ஒரு மேஜை. அதன் மேல் அத்தையின் பெட்டி, அதில் மூன்று விளக்குகள். பச்சை எரிந்தால் பேசலாம். மஞ்சள் எரிந்தால் முடிக்கப் பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்தால் மைக் செத்துவிட்டது என்று அர்த்தம். சிவப்பு பல்பு ஒரு வருடம் உடைந்துபோனது. புது பல்பு கேட்டு எழுதினால் அடுத்த பட்ஜெட்டில்தான் வரும் என்றார்களாம். அத்தை ஒரு வெள்ளை பல்பை வாங்கி, என் நகப்பூச்சை எடுத்து அதில் பூசிவிட்டாள். அன்று முதல் நகரத்தின் பெரிய மனிதர்கள் எல்லாரும் என் நகப்பூச்சைப் பார்த்துத்தான் வாயை மூடுகிறார்கள்.

மைக் கம்பி ஒரு நோஞ்சான். கழுத்தில் கறுப்பு டேப் சுற்றி நிற்க வைத்திருக்கிறது. ஒருவர் பேசிவிட்டுப் போனதும் அடுத்து வருகிறவரை அத்தை ஒரு பார்வை பார்ப்பாள். எழுந்து போய், கம்பியை அவர் வாய் உயரத்துக்கு இறக்கியோ ஏற்றியோ வைப்பாள். உட்கார்ந்த பிறகுதான் பச்சை விளக்கு. முதல் தடவை மேடை ஏறுகிறவர்கள் மைக்கைத் தேடிக் குனிந்தும் நிமிர்ந்தும் நிற்கக்கூடாதாம். "குனிஞ்சா பயம் வந்துடும்" என்பாள். தொண்டை வறண்டு வருகிறவர்களுக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் புதினா மிட்டாய் வைத்திருப்பாள், சொந்தக் காசில். மைக்கின் பஞ்சு உறையை வாராவாரம் வீட்டுக்குக் கொண்டுவந்து சோப்புப் போட்டுத் துவைத்துக் கொடியில் காயப்போடுவாள். ஊரின் எச்சில் எல்லாம் எங்கள் வீட்டில்தான் காயும். ஒருமுறை அதை நான் மூக்கில் மாட்டிக்கொண்டு கோமாளி மாதிரி நடந்தேன். அத்தை துடைப்பத்தை எடுத்தாள். அதற்குமேல் அந்தக் கதையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை.

மேயர் கதைக்கு வருகிறேன். இப்போதைய மேயர் பதவிக்கு வந்த புதிதில், ஜனங்களோடு ஜனமாக நின்று பேசுகிறேன் என்று நாற்காலியை விட்டு இறங்கிப் பொது மைக்குக்கு வந்தார். எல்லாரும் கைதட்டினார்கள். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். மஞ்சள் எரிந்தது. அவர் அதை அலங்கார விளக்கு என்று நினைத்திருப்பார். சிவப்பு எரிந்தது. மேயரின் வாய் அசைகிறது, கை அசைகிறது, சத்தத்தைக் காணோம். தொட்டி மீன் மாதிரி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு திரும்பி அத்தையைப் பார்த்தார்.

"அம்மா, மைக் போயிடுச்சு."

"மைக் போகலைங்க சார். உங்க நேரம் போயிடுச்சு" என்றாள் அத்தை.

அத்தைக்கு வேலை போய்விடும் என்று வீட்டில் அழுகை நடந்தது. அழுதது அப்பா. வேலை போகவில்லை. மறுநாள் மேயர் அவளைக் கூப்பிட்டு, இனிமேல் எல்லாருக்கும் இப்படியேதான் என்று சொன்னாராம். அந்த வகையில் நல்ல மனுஷர்.

அத்தை இதற்கு முன்னால் அதே கட்டடத்தில் தொலைபேசி இணைப்புப் பலகையில் உட்கார்ந்திருந்தாள். "குடிநீர்ப் பிரிவா? இருங்க, தரேன்" என்று ஒரு ஒயரைப் பிடுங்கி இன்னொரு துளையில் செருகுகிற வேலை. பலகையைக் கழற்றித் தூக்கிப் போட்ட அன்று அத்தையையும் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்கள். ஒயர் தெரிந்த ஆள் என்று சொல்லி யாரோ கூடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்த யாரோ யார் என்று அத்தைக்கு இன்றுவரை தெரியாது. அப்பா இன்னும் அந்த முகம் தெரியாத ஆளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் அத்தை என்று கேட்டால், "ஒருத்தர் பார்க்க வந்தார். பேச விட்டேன். பேசினார். அதோட முடிஞ்சுது" என்பாள். மூன்று நிமிடமாவது கொடுத்தாளா என்று கேட்டேன். "ரெண்டே அதிகம்" என்றாள்.

இந்த அத்தைக்கு ஒரு ஜென்ம விரோதி உண்டு. சந்தைப் பக்கம் வரிசையாகப் பத்துக் கடை கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் ஒருவர். ஊரே அவரைப் பத்துக்கடை என்றுதான் கூப்பிடும். வரி ஏறக்கூடாது என்று வருடா வருடம் வந்து பேசுவார். குடிநீர்க் குழாயில் ஆரம்பித்து, தெருநாய் வழியாகச் சுற்றி, சாக்கடையில் இறங்கி ஏறி, "இப்ப நான் முக்கியமான பாயிண்டுக்கு வரேன்" என்பார். சிவப்பு எரியும். அவருடைய முக்கியமான பாயிண்டை இந்த நகரத்தில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. வெளியே வந்து நின்று கத்துவார். "அந்தம்மா ஆளைப் பார்த்து அணைக்குது! அது வீட்டு ஆளா இருந்தா விடிய விடியப் பேச விடும்!" அத்தை ஒயரைச் சுருட்டியபடியே போவாள்.

இந்த வருடம் வந்தது லிஃப்டுக்கு ஆபத்து.

எங்கள் வீடு ரயில் பாதைக்கு இந்தப் பக்கம். சந்தை அந்தப் பக்கம். நடுவில் தண்டவாளங்களுக்கு மேலே ஒரு நடைபாலம். இரண்டு பக்கமும் செங்குத்தான இரும்புப் படி, கூடவே பக்கத்துக்கு ஒரு லிஃப்ட். மூத்திர வாடையும் எண்ணெய் வாடையும் கலந்து அடிக்கும். கதவு மூடும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் கேட்கும். பட்டனே இரண்டுதான், மேலே, கீழே. மேலே என்ற பட்டனுக்குப் பக்கத்தில், "நல்லவர்கள் மட்டும்" என்று எழுதி ஒட்டியவர் யார் என்பது எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

அப்பாவுக்கு இடது கால் சின்ன வயதிலிருந்தே சூம்பிப்போனது. கைத்தடி ஊன்றி நடப்பார். சமதரையில் நம்மை விட வேகம். படி என்றால் ஒவ்வொன்றும் ஒரு மலை. சந்தை முனையில் ஒரு பெரிய குடையை நட்டு, அதன் கீழே உட்கார்ந்து பூட்டு ரிப்பேரும் மாற்றுச்சாவி போடுவதும் அவர் தொழில். காலையில் லிஃப்டில் ஏறி, பாலத்தைக் கடந்து, லிஃப்டில் இறங்கினால் கடை. லிஃப்ட் இல்லாவிட்டால் ரயில் கேட்டைச் சுற்றிக்கொண்டு ஆட்டோவில் போக வேண்டும். போகவர ஆட்டோவுக்குக் கொடுத்தால், சாவி போட்ட காசை அப்படியே ஆட்டோக்காரர் சட்டைப்பையில் போட்டுவிட்டு வீட்டுக்கு வரலாம்.

பட்ஜெட் வரைவில், லிஃப்டுகளின் பராமரிப்பை நிறுத்துவது என்று ஒரு வாக்கியம் இருந்தது. வீட்டு வரியை ஏற்றாமல் சமாளிக்க வேண்டும் என்றால் எதையாவது வெளியே போட வேண்டுமே, இதைப் போட்டுவிட்டார்கள். வரியைக் கொஞ்சம் ஏற்றினால் லிஃப்ட் பிழைக்கும். ஏற்றுவதா வேண்டாமா என்று கூட்டத்துக்குப் பிறகு கவுன்சிலர்கள் கை தூக்கி முடிவு செய்வார்கள்.

அத்தை விஷயத்தைச் சொன்ன அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் மன்றத்து ஊழியர், கூட்டத்தில் பேசக்கூடாது. அம்மாவோ, கூட்டம் என்றாலே வியர்த்துவிடுகிற ஆள். நான் பேசினால் லிஃப்டோடு சேர்த்துப் பாலத்தையும் இடித்துவிடுவார்கள். ஆகவே அப்பா.

"தம்பி, நீதான் பேசணும். முதல் வாக்கியத்துல லிஃப்ட் வரணும். புரியுதா?" என்றாள் அத்தை.

"புரியுது அக்கா."

"எங்க, சொல்லு பார்ப்போம்."

அப்பா எழுந்து நின்று, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "எல்லாருக்கும் வணக்கம். இந்த வாய்ப்பைக் கொடுத்த மேயர் ஐயாவுக்கும்..."

"லிஃப்ட் எங்கடா?"

"வருது அக்கா, வருது."

"அதையேதான் லிஃப்ட்டுக்கு முன்னாடி நின்னும் சொல்லிட்டிருக்க" என்றாள். அம்மா சிரித்துவிட்டாள். "அண்ணி, அவர் என்கிட்ட முதல் தடவை பேசினப்பவே எங்க தெருவுக்கு நன்றி சொன்னாரு" என்றாள்.

அப்பாவின் வியாதி இதுதான். அவருக்கு நன்றி அடங்காது. கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுத்தால் நன்றி. பூட்டு திறந்துகொண்டால் பூட்டுக்கு நன்றி. எனக்கு நன்றி சொல்ல வாய் வராது. எங்கள் குடும்பத்தின் மொத்தப் பங்கையும் அவரே சொல்லித் தீர்த்துவிடுகிறார் என்று சும்மா இருந்துவிடுவேன். ஒரு வாரம் முழுக்கப் பயிற்சி நடந்தது. அத்தை அடுப்பு மேடையில் கரண்டியைத் தட்டுவாள், பச்சை. மறுபடி தட்டினால் மஞ்சள். கடைசி இரண்டு நாளில் அப்பா முதல் வாக்கியத்திலேயே லிஃப்டைக் கொண்டுவந்துவிட்டார். அத்தைக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

கூட்டத்துக்கு அப்பாவை நான்தான் அழைத்துப்போனேன். கூடம் நிறைந்திருந்தது. மேடையில் கவுன்சிலர்கள் வரிசையாக, நடுவில் மேயர், ஒரு ஓரத்தில் அத்தையின் மேஜை. எங்களைப் பார்த்தாள். யாரோ போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வேலையில் இருக்கும்போது அத்தைக்குச் சொந்தக்காரர் கிடையாது.

வந்தவர்கள் முக்கால்வாசிப் பேர் வரிக்கு எதிர்ப்பு. லிஃப்டில் போகிற ஜனங்களை அங்கே காணவில்லை. அவர்கள் அந்த நேரத்தில் தலைச்சுமையோடு லிஃப்டில் போய்க்கொண்டிருப்பார்கள்.

அப்பாவின் முறை வந்தது. தடியை ஊன்றிப் போய் நின்றார். அத்தை எழுந்து வந்து மைக்கை இறக்கி வைத்தாள். தம்பி முகத்தை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. போய் உட்கார்ந்தாள். பச்சை.

அப்பா கூடத்தைப் பார்த்தார். அத்தனை பேர் தன்னைப் பார்த்து, தன் பேச்சைக் கேட்பதற்காக உட்கார்ந்திருப்பது அவர் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவர் கண் கலங்குவதை நான் பார்த்தேன்.

"எல்லாருக்கும் வணக்கம்" என்றார்.

போச்சு.

மேயருக்கு நன்றி சொன்னார். கவுன்சிலர்களுக்குச் சொன்னார். கால் சரியில்லாதவன் என்று வரிசையில் நிற்க வைக்காமல் உள்ளே கூப்பிட்ட கதவுக் காவலருக்குச் சொன்னார். உட்கார நாற்காலி கொடுத்ததற்கு, நாற்காலி ஆடாமல் இருந்ததற்கு, லிஃப்டைத் துடைக்கிற அம்மாவுக்கு, அது நின்றுபோனால் ஓடிவந்து கைப்பிடியைச் சுற்றி இறக்கிவிடுகிற மெக்கானிக்குக்கு. அந்த மெக்கானிக்குக்குக் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தை பிறந்த விவரம் வரைக்கும் போனார். எல்லாம் உண்மை, எல்லாம் மனதிலிருந்து வந்தது. கூடத்தில் சிலர் சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நான் என் நாற்காலியில் உட்கார்ந்தபடி கையால் தொடையில் கரண்டி தட்டினேன். அவர் பார்க்கவில்லை. மஞ்சள் எரிந்தது.

"அப்பா, லிஃப்ட்!" என்று கத்திவிட்டேன். காவலர் என்னைப் பார்த்து விரலை வாயில் வைத்தார்.

அப்பா திடுக்கிட்டு விளக்கைப் பார்த்தார். "ஐயோ. இப்போ விஷயத்துக்கு வரேன். அந்த லி..."

சிவப்பு.

வாய் அசைந்தது. சத்தம் இல்லை. கூடமே அத்தையைப் பார்த்தது. மேயருக்கும் கூட வேலை செய்கிறவர்களுக்கும் சந்தைக்காரர்களுக்கும் அது அவள் தம்பி என்று தெரியும். இன்னும் அரை நிமிடம் விட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். அத்தை சுவிட்சிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பார்வை மேஜையில்.

அப்பா தலையை ஆட்டினார், சரிதான் என்பதுபோல. திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "கெடுத்துட்டேன்டா கண்ணு" என்றார். எனக்கு அவர் மேலும் கோபம், அத்தை மேலும் கோபம், நாற்காலி மேலும் கோபம். நகப்பூச்சைச் சுரண்டி எறிய வேண்டும்போல இருந்தது. லிஃப்ட் நின்றுபோனால் இந்த மனுஷர் எப்படி வேலைக்குப் போவார் என்ற ஒன்றுதான் மண்டையில் ஓடியது.

அடுத்தது பத்துக்கடை.

நல்ல உயரம் அவர். அத்தை வந்து மைக்கை ஏற்றிவிட்டுப் போனாள். பச்சை எரிந்தது. அவர் அத்தையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வருஷா வருஷம் இந்தம்மா என்னை முடிக்க விட்டதில்ல" என்றார். "ஆளைப் பார்த்து அணைக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன். இன்னைக்குச் சொந்தத் தம்பிக்கே அணைச்சிடுச்சு. சரி, எனக்குக் கோபம் போகல. சந்தேகம் மட்டும் போயிடுச்சு."

கூடம் சிரித்தது. அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஏங்க சாவிக்காரரே, விஷயத்துக்கு வரேன்னு சொல்லிட்டுப் போயிட்டீங்களே. என்ன விஷயம்? பாயிண்ட் நெஞ்சுல நின்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ராத்திரி தூக்கம் வராது. வாங்க, என் நேரத்துல சொல்லிட்டுப் போங்க."

நிதி அதிகாரி மேயரைப் பார்த்தார். மேயர் கையை விரித்து, "அவர் நேரம். அவர் பேசலாம், பாடலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம்" என்றார்.

அப்பா எழுந்தார். எங்கள் நாற்காலி பின்வரிசையில். மைக் வெகு தூரத்தில். தடியைக் குத்திக் குத்திப் போகிறார், விளக்கு பச்சையில் எரிந்துகொண்டே இருக்கிறது. அத்தை அதை நிறுத்தவில்லை. நடக்கிற நேரமும் பேசுகிற நேரமும் அவளுக்கு ஒன்றுதான். ஓடிப்போய் அவரைத் தூக்கிக்கொண்டு போய் நிறுத்திவிடலாமா என்று எழுந்தேவிட்டேன். காவலர் என்னைப் பார்த்தார். இந்த முறை அவர் விரலை வாயில் வைக்கவில்லை. பாதி வழியில் ஒருவரின் பை காலில் தடுக்கியது. "மன்னிக்கணும்" என்று பையிடம் சொல்லிவிட்டு நடந்தார். மஞ்சள் எரிந்தது.

போய்ச் சேர்ந்தபோது மைக் பத்துக்கடையின் உயரத்தில் நின்றது. அத்தை எழுந்தாள். அவள் அவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. கம்பியை ஒரே இறக்கில் தம்பியின் வாய்க்கு நேராக வைத்துவிட்டுத் திரும்பிப் போய்ச் சுவிட்சில் விரலை வைத்தாள்.

"லிஃப்ட்டை நிறுத்திடாதீங்க" என்றார் அப்பா. "நான் வேலைக்குப் போறது அதுலதான். அது வர்றதுக்கு முன்னாடி எங்க அக்காதான் என்னை முதுகுல தூக்கிட்டு அந்தப் படியில ஏறி இறங்குவாங்க, நான் பள்ளிக்கூடம் போகணும்னு. அவங்களும் அப்போ சின்னப் பொண்ணுதான். இப்போ அவங்களுக்கு முட்டி வலி. நானும் குண்டாயிட்டேன். அவ்வளவுதாங்க. ரொம்ப நன்..."

சிவப்பு.

சிரிப்பு வெடித்தது. மேயர் கர்ச்சீப்பால் முகத்தை மூடிக்கொண்டார். அத்தை கன்னத்தில் கைவைத்து மேஜையைப் பார்த்தபடியே இருந்தாள். அந்த முதுகுச் சவாரிக் கதை எங்கள் வீட்டில் பழசு. மழைக்காலத்தில் அத்தை வழுக்கி, இரண்டு பேரும் படியில் உருண்டு, புத்தகப்பையை மட்டும் காப்பாற்றிய கதை என்று சொல்லிச் சிரிப்போம். கூடத்தில் அன்றுதான் முதல் தடவை கேட்டார்கள். சிரித்து முடித்த பிறகு எல்லாரும் மெல்ல அத்தையின் பக்கம் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகும் பேச்சாளர்கள் இருந்தார்கள். ஒரு அம்மா, தையல் மிஷினைத் தலையில் வைத்துக்கொண்டு படி ஏறியதைச் சொன்னாள். ஒருவர், வரியை ஏற்றினால் என் வீட்டை எடுத்துக்கொண்டு நீங்களே குடியிருங்கள் என்றார். பின்பு கவுன்சிலர்கள் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசினார்கள். நிதி அதிகாரி கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்து, விகிதத்தை ஒரு துளி ஏற்றினால் லிஃப்ட் ஓடும், ஆனால் முழுநாளும் ஓடாது என்றார். ஒரு துளி என்றால் எங்கள் தெரு வீடுகளுக்கு வருடத்துக்கு ஒரு ஜோடிச் செருப்பு விலை. சந்தைக் கதவு அடைக்கிற வரை ஓட்டலாம், ஞாயிற்றுக்கிழமை இல்லை. கை தூக்கினார்கள். தூக்கிய கைகளுக்கும் தூக்காத கைகளுக்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஒரு கவுன்சிலர் பாதி தூக்கிவிட்டு யோசித்தார். பக்கத்தில் இருந்தவர் அவர் முழங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். கை முழுசாக மேலே போனது.

லிஃப்ட் பிழைத்தது.

அப்பா யாருக்கு முதலில் நன்றி சொல்வது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் காவலரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவர்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு அத்தை ஒயர் சுருட்ட ஆரம்பித்தாள். நான் உதவப் போனேன், ஒரு வார்த்தையும் பேசுவதில்லை என்ற தீர்மானத்தோடு. பெட்டிக்குப் பின்னால் மிட்டாய்க் காகிதங்கள் குவிந்துகிடந்தன. பேச வருகிறவர்களுக்கு வாங்கிவைத்த ஒரு பொட்டலம் புதினா மிட்டாயையும் அத்தையே தின்று தீர்த்திருந்தாள். எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. காகிதங்களைப் பொறுக்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன், யாரும் பார்ப்பதற்குள்.

அப்பா தயங்கித் தயங்கி வந்தார். "அக்கா, கோபமா?"

"முதல் வாக்கியத்துல என்ன வரணும்னு சொன்னேன்?"

"லிஃப்ட்."

"நாற்காலிக்கெல்லாம் நன்றி சொல்றியே, நாற்காலி உன்கிட்ட கேட்டுச்சா?"

"மனசு நிறைஞ்சுடுச்சு அக்கா. அத்தனை பேரு..." அப்பா நிறுத்திவிட்டு, "இன்னும் ஒரு அரை நிமிஷம் விட்டிருக்கலாம்ல?" என்றார். குரலில் வருத்தம் இல்லை, சும்மா சீண்டல்.

"விட்டிருந்தா சன்னலுக்கும் சொல்லியிருப்ப" என்றாள் அத்தை. ஒயரைச் சுருட்டி முடித்தாள். பிறகு அவர் சட்டைக் காலர் மடிந்திருந்ததை எடுத்துவிட்டாள். "முட்டி வலின்னு ஊருக்கெல்லாம் சொல்லிட்ட. நாளைக்கு ஆளாளுக்கு ஒரு தைலம் கொண்டுவந்து நிப்பாங்க."

மூன்று பேரும் நடைபாலத்துக்கு வந்தோம். மன்றம் சந்தைப் பக்கம், வீடு மறுபக்கம். வெளிச்சம் இன்னும் இருந்தது. லிஃப்ட் வாசலில் பத்துக்கடை நின்றுகொண்டிருந்தார். அவர் வீடும் எங்கள் பக்கம்தான் என்று அன்றுதான் தெரிந்தது. இதுவரை காரில் சுற்றிக்கொண்டு போயிருக்கிறார்.

"கார் எங்க சார்?" என்றேன்.

"டிரைவரை அனுப்பிட்டேன். என்கிட்ட வரி வாங்கி ஓட்டப்போற லிஃப்ட், அதுல ஏறிப் பார்க்காம வீட்டுக்குப் போவேனா?" அத்தையைப் பார்த்தார். "அடுத்த வருஷமும் வருவேன். எதிர்த்துத்தான் பேசுவேன்."

"வாங்க. மூணு நிமிஷம்" என்றாள் அத்தை.

கதவு பல்லைக் கடித்துக்கொண்டு திறந்தது. நாலு பேரும் இடித்துக்கொண்டு நுழைந்தோம். வாடை மூக்கில் ஏறியதும் பத்துக்கடை முகத்தைச் சுளித்தார். "இதுக்கா வரியை ஏத்தினீங்க?" அப்பா பட்டனுக்குக் கையை நீட்டினார். பத்துக்கடை அந்தக் கையைத் தட்டிவிட்டார். "இருய்யா. என் காசு. நான்தான் அழுத்துவேன்."

அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. "கொஞ்சம் பலமா சார், ஓரத்துல" என்று அப்பா சொல்லிக்கொடுத்தார். மறுபடி அழுத்தினார். லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி மேலே கிளம்பியது. அத்தை தடுமாறி, பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காமல், தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மேலே போய் நின்ற பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை. அப்பாவும், ஆச்சரியமாக, யாருக்கும் நன்றி சொல்லவில்லை.